பத்தொன்பது சென்டிமீட்டர்

நான்கே வரிதான் எழுதினான் கவுப்போ.
சாவியைப் பிடுங்கினால் திரை பூட்டிக்கொள்ளும்,
செருகினால் திறந்துகொள்ளும்.
"அவ்வளவுதான், ஊர்வே" என்று
தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு
தாலின் பேருந்துக்கு ஓடினான்.
வாசலில் ஒரு கணம் திரும்பினான்:
"செருகிய பின் விரலால் ஒருமுறை
தொடவேண்டும் என்று வைக்கட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
கையுறையைக் கழற்ற எனக்குச் சோம்பல்.

நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சில்லு.
சிவப்பு நூல் கோத்து
மேலங்கியின் பொத்தான் துளையில் முடிந்துகொண்டேன்.
எழுந்தால் நூல் இழுக்கும், சாவி கழன்று வரும்,
என் முதுகுக்குப் பின்னால் திரை இருளும்.
காப்பிக்கு எழுந்தால் இருள்.
ஜன்னலில் அன்னங்களைப் பார்க்க எழுந்தால் இருள்.
திரும்பி வந்து செருகினால்
விட்ட இடத்தில், பாதிச் சொல்லில்
கர்சர் துடித்துக்கொண்டு நிற்கும்,
நான் போனதே தெரியாத மாதிரி.
"கயிறு கட்டியிருக்கிறது சரி,
இதில் மாடு யார்?" என்றார்
சாலைக் காவலர் ஹெல்டுர்.

கடலைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை.
சம்பளச் சீட்டில் வேறு பெயர் போட்டிருக்கிறது.
ஹாப்சலு விரிகுடா உறைந்து
இருபத்திரண்டு சென்டிமீட்டர் தடித்துவிட்டால்
நோவாரூட்சி வரைக்கும் பனிமேல் சாலை.
அதில் போகிறவர்கள் சீட்பெல்ட் போடக் கூடாது;
கதவைத் திறந்து குதிக்க வேண்டி வரலாம்.
இதைச் சொன்னபோது
கவுப்போ தன் பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பிப்ரவரி கடைசிச் செவ்வாய், காற்று தெற்கே திரும்பியது.
ஏழாவது கம்பத்தருகில் துளையிட்டேன்.
அளவுகோலை இறக்கக் குனிந்தபோது
துளைப்பானின் கைப்பிடியில் நூல் மாட்டி அறுந்தது.
கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
கல்லுக்காவது ஒரு சத்தம் இருந்திருக்கும்.
அளவுகோல் காட்டியது: பத்தொன்பது.

இரு கரையிலும் பச்சை விளக்குப் பலகை.
அதைச் சிவப்பாக்க என் கணினி வேண்டும்.
நான் எழுந்து வந்ததால் அது பூட்டிக் கிடந்தது,
சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக.
மாற்றுச் சாவி நூறு கிலோமீட்டர் தள்ளி
கவுப்போவின் மேசை இழுப்பறையில்.
"மூன்று மணிப் பேருந்தில் வருகிறேன்" என்றான்.

அந்தக் கரைக்கு ஹெல்டுர் ஓடினார்.
இந்தக் கரையில் என் காரைக் குறுக்கே நிறுத்தி
அட்டைப்பெட்டி மூடியில் 'மூடியாயிற்று' என்று எழுதி
பேனா உறைய உறைய ஊதி எழுதி
பிடித்துக்கொண்டு நின்றேன்.
ரொட்டி வண்டிக்காரர் முணுமுணுத்துத் திரும்பினார்.
அடுத்து ஒரு பெண், பின்னிருக்கையில் நாய்.
"பலகையில் பச்சைதானே எரிகிறது?"
பலகைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றேன்.
கண்ணாடியை இறக்கி
என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.
காட்டுவதற்கு என்னிடம் எதுவுமில்லை,
பொத்தானில் தொங்கிய அரைச்சாண் நூலைத் தவிர.
நாய் ஒருமுறை குரைத்தது.
அவள் பின்கியர் போட்டாள்.

இரவு வந்து கவுப்போ செருகினான்.
திரை திறந்தது.
'வருக, ஊர்வே' என்றது அவனிடம்.
அவன் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரில் கிடப்பதை அப்போதே ரத்துசெய்தான்.
"இனி அது எந்தக் கதவையும் திறக்காது.
மீன் விழுங்கினாலும் கவலையில்லை."
பிறகு அதே பழைய கேள்வி.
இம்முறை வை என்றேன்.

கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
விறைத்த விரல், சாவிக்கு உறைக்கவில்லை.
அக்குளில் வைத்துச் சூடாக்கி
மறுபடி தொட்டேன்.
காலையில் விட்ட பாதிச் சொல் அங்கேயே நின்றிருந்தது.
அதை அழித்துவிட்டு
பத்தொன்பது என்று அடித்தேன்.

பலகைகள் சிவந்தன.
அப்போது பனியில் யாருமே இல்லை.